பச்சைத் தண்ணீர்கூடத் தொடாதவர்

அவர் யாரிடமும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார் என்பது மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முழுவதற்கும் தெரியும். என் வீட்டில் மட்டும் மூன்று வருஷம் இரண்டு வேளையும் சாப்பிட்டார். அந்தப் பெருமையில் நான் கொஞ்சம் மிதப்பாகவே திரிந்தேன். தண்ணீர்க் குழாயடியில் யாராவது முந்தப் பார்த்தால், சாருக்குச் சமைக்க வேண்டும், வழியை விடுங்கள் என்பேன். விட்டுவிடுவார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. சர்க்காரில் அவருக்குச் சோதனை போடுகிற உத்தியோகம். மலையை உடைத்துக் கல் எடுக்கிற குவாரிகள், செம்பாறையை வெட்டுகிற குழிகள், காயலில் சுண்ணாம்புக்காகக் கக்கா என்கிற சிப்பியை வாருகிற வள்ளங்கள், எல்லாவற்றுக்கும் பர்மிட் உண்டா, சட்டப்படி வேலை நடக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். ஆபீஸ் எர்ணாகுளத்தில். குடியிருப்பு இங்கே, போட்டு ஜெட்டிக்குப் பக்கத்தில், ஒரு மிளகு கோடவுனுக்கு மேலே இருந்த ஒற்றை அறை. மனைவியும் மகள்களும் நாகர்கோயில் பக்கம் சொந்த ஊரில். சாரை இங்கே சாறு என்பார்கள், சந்துக்காரர்கள் அவரைப் 'பாற சாறு' என்றார்கள். நான் சார் என்று மட்டும் சொல்வேன்.

பலாப்பழக் கதையைச் சொன்னால் ஆள் எப்படி என்று விளங்கிவிடும். ஒரு குவாரி முதலாளி, சார் இல்லாத நேரமாகப் பார்த்து, ஆள் மூலம் ஒரு பலாப்பழத்தை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். நல்ல வருக்கைப் பழம், சந்து முழுக்க மணம். சார் சாயங்காலம் வந்து அதைப் பார்த்தார். குழந்தைகள் சுற்றி நின்றன. வெட்டிக் கொடுத்தால் தீர்ந்தது விஷயம். மறுநாள் காலையில் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போட்டில் ஏறினார். போட்டில் இருந்தவர்கள் எல்லாம் விலை கேட்டார்கள். எர்ணாகுளத்தில் இறங்கி, ஆலுவா பஸ்ஸில் அதற்கும் ஒரு இடம் பிடித்து, ஆலுவாவிலிருந்து இன்னொரு பஸ் மாறி, முதலாளி வீட்டு வாசலில் போய் இறக்கினார். முதலாளி இல்லை. அவர் வீட்டு அம்மாவிடம், 'பலாப்பழம் ஒன்று திரும்பப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். அந்தக் காகிதம் ஆபீஸில் அந்தக் குவாரியின் பைலில் இருக்கிறது என்று அவருடைய பியூன் என்னிடம் சத்தியம் செய்தான். சட்டையை இரண்டு முறை துவைத்துப் போட்டும் மணம் போகவில்லை.

இதை நேர்மை என்பதா, வீம்பு என்பதா என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஊரே கை நீட்டுகிற இடத்தில் இவர் ஒருவர் விறைத்துக்கொண்டு நின்று என்ன ஆகிவிடப் போகிறது என்றும் நினைத்திருக்கிறேன். ஆனால் அவர் வந்து உட்கார்ந்தால் என்னையறியாமல் தரையை இன்னொரு தடவை துடைப்பேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறந்தது தர்மபுரிப் பக்கம். பத்தாவது முடித்ததும் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருடைய குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன்னாலேயே கொச்சிக்கு வந்தது. அவர் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தார், பேசுவதில் பாதி மலையாளம். ஒரு சம்பளம் போதாமல், தனியாக இருந்த ஆபீஸ்காரர்களுக்கு நான் வீட்டிலேயே சமைத்துப் போட்டேன். அப்படித்தான் சார் ஒரு நாள் விசாரித்துக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. வாசலுக்கு வெளியே நின்றபடியே பேசினார்.

"ஒண்ணு கேக்கேன், தப்பா எடுக்காண்டாம். ஒங்க வீட்ல, சொந்தத்துல, யாருக்காவது பாறமடையில சோலி உண்டுமா?"

கல் குவாரியை இங்கே பாறமட என்பார்கள். யாருக்கும் இல்லை என்றேன். அன்றைக்கு அது உண்மை. அதற்கப்புறம்தான் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார். குவாரிக்காரர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு அவர்கள் பாறையை அளக்க முடியாது என்று அவரே விளக்கமும் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

அந்த வழக்கத்தால் பட்ட பாட்டைப் பியூன் கதை கதையாகச் சொல்வான். அவன் வைப்பின் தீவுக்காரன், எந்நேரமும் சிரிப்பு. நம் சித்திரைதான் இங்கே மேடமாசம், அப்படி ஒரு மேடமாச வெயிலில் ஏதோ ஒரு குவாரியில் சாருடைய தண்ணீர்க் குப்பி கைதவறி விழுந்து உடைந்துவிட்டது. மேஸ்திரி ஓடிப்போய்க் கரிக்கு, நம் இளநீர், வெட்டிக்கொண்டு வந்தான். சார் தொடவில்லை. தண்ணீராவது என்றான். அதுவும் வேண்டாம். அளக்க வேண்டியதை அளந்து முடித்து, இரண்டு மைல் நடந்து பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து, கடையில் காசு கொடுத்து வாங்கிய சோடாவைக் குடிப்பதற்குள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாராம். நீ என்ன செய்தாய் என்று பியூனைக் கேட்டேன். கரிக்கை அவன் குடித்திருக்கிறான், சார் பாறைப் பக்கம் திரும்பி நின்றபோது.

அதனால்தான் பொதிச்சோறு. குவாரிக்குப் போகிற நாள் முழுக்க வெளியில் கிடக்க வேண்டும், பக்கத்தில் கடை இருக்காது, அங்கே கொடுப்பதைத் தொட முடியாது. காயலில் வள்ளங்களைப் பார்க்கப் போனால் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். ஆபீஸில் இருந்தால் அங்கே காண்டீன் உண்டு. ஆகவே முந்தின நாள் காலையிலோ இரவிலோ சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நாளைக்கு ஒரு பொதி" என்று அவர் சொன்னால் மறுநாள் குவாரி. வாட்டின வாழையிலையில் தயிர்ச் சோறு, ஒரு ஓரத்தில் மாங்காய் ஊறுகாய், தனியாக ஒரு குப்பித் தண்ணீர். எந்தக் குவாரி என்று யாருக்கும் சொல்ல மாட்டார். பியூனுக்குக்கூட ஆலுவாவில் இறங்கின பிறகுதான் தெரியும். அவ்வளவு ரகசியம். ஆனால் அந்தப் பொதி ஒன்று இருக்கிறதே, அதை அவர் யோசிக்கவே இல்லை.

அவர் வந்து ஒரு வருஷம் கழித்து என் தம்பி ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். மழை பொய்த்து, நிலம் காய்ந்து, என் காலைக் கட்டிக்கொண்டு இரண்டு மாதம் சும்மா கிடந்தான். பிறகு ஒரு குவாரியின் லாரியில் லோடு ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போனான். உடைத்த ஜல்லியை எங்களுக்குப் பக்கத்தில் சுள்ளிக்கல் என்ற இடத்தில் ஒரு யார்டில் சாயங்காலம் கொண்டுவந்து தட்டுவார்கள். தட்டிவிட்டு நடந்து என் வீட்டுக்கு வந்து, ஆறரைக்குச் சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கு லாரிக்கு ஓடிவிடுவான். சார் எட்டு மணிக்கு வருவார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்று அவர் கேட்ட கேள்விக்கான பதில் மாறிவிட்டது. சொன்னால் அன்றோடு இலையை மடித்துவிட்டுப் போய்விடுவார் என்று தெரியும். குழாயடியில் என் மரியாதையும் போய்விடும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். பிறகு தள்ளிப்போடுகிறேன் என்பதும் மறந்துபோனது.

ஒரு நாள் தம்பி சோற்றுக்குத் தயிர் கேட்டான். அது நாளைக்குச் சாருக்கு, அவர் குவாரிக்குப் போகிறார், நீ மோர் ஊற்றிக்கொள் என்றேன். அவன் கை அப்படியே நின்றது. "நாளைக்கா? நெசமாவாக்கா?" என்று மட்டும் கேட்டான். அடுத்த வாரம் ஒரு நாள் வரும்போது முகமெல்லாம் பல். மேஸ்திரி அவனை லாரியிலிருந்து எடுத்துக் குவாரியிலேயே தன் கூட வைத்துக்கொண்டானாம், லாரியில் ஒரு நடை மட்டும் போனால் போதுமாம். அதன் பிறகு நான் பொதியைப் பற்றிப் பேச்செடுக்காத நாட்களிலும் அவன் கேட்க ஆரம்பித்தான். நானும் சொல்ல ஆரம்பித்தேன்.

காசுக்காகச் செய்யவில்லை. இதைச் சொல்வது தப்பிப்பதற்காக அல்ல, காசுக்குச் செய்திருந்தால் இதைவிடக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். சார் ஒரு குவாரியை நிறுத்தினால், அங்கே கல் உடைக்கிற தர்மபுரி, சேலத்து ஆட்கள்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்காருவார்கள். தம்பி அதையெல்லாம் வந்து சொல்வான். பாறையைப் படிக்கட்டு மாதிரி இறக்கி வெட்டாமல் நேர்ச்சுவராக வெட்டினார்கள் என்று ஒரு தடவை சார் ஒரு குவாரியை மூடினார். அன்று இரவு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அந்த ஆட்கள் வயிற்றுக்கு என்ன செய்வார்கள் சார் என்று கேட்டுவிட்டேன்.

"தெரியல. கல்லு அவங்க தலையில விழாம பாக்கதுதான் என் சோலி. வயிறு அதுல வரல. வரணும்தான்," என்றார்.

இந்தப் பதிலை வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் மதித்திருப்பேன். அன்று எனக்கு இது ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. வயிற்றை நான் பார்த்துக்கொள்கிறேன், தலையை நீங்கள் பாருங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவர் குவாரியில் என்ன செய்வார் என்று பியூன் சொல்லித் தெரியும். கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பாறையின் உயரத்தை அவரே அளப்பார். வெடி வைக்கிறவனுக்கு லைசென்ஸ் உண்டா என்று பார்ப்பார். பிறகு ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆளையும் கூப்பிட்டு நிறுத்திப் பேர் கேட்பார். ஏட்டில் பத்துப் பேர் இருப்பார்கள், பாறையில் முப்பது பேர் இருப்பார்கள். ஏட்டில் இல்லாத ஆளுக்கு அடிபட்டால் முதலாளி, அவன் யாரென்றே தெரியாது என்று கையை விரித்துவிடலாம். ரிஜிஸ்டரில் யாரும் சாகவே மாட்டார்கள் அம்மா என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன்.

தகவல் முன்கூட்டியே கிடைத்தால் குவாரியில் செய்வது இதுதான். ஏட்டில் இல்லாத ஆட்களை மேலே ரப்பர் தோட்டத்துக்குள் அனுப்பிவிடுவார்கள். சார் போன பிறகு விசில் அடித்தால் இறங்கி வர வேண்டும். பஸ் நிற்கிற இடத்துச் சாயாக்கடையில் ஒருவன் காவல் இருப்பான். லைசென்ஸ் இல்லாதவன் வெடிமருந்துப் பெட்டியை விட்டு விலகி உட்கார்ந்துவிடுவான். தம்பி இதையெல்லாம் நடித்துக் காட்டுவான். என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நானும்தான்.

அந்த நாளும் அப்படித்தான். முந்தின இரவு சார் பொதி சொன்னார். வழக்கமாகத் தம்பி சாயங்காலமே கேட்டுவிட்டுப் போவான், ஆனால் சார் இரவில் சொன்னால் அதற்குள் அவன் போயிருப்பான். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். விடியற்காலையில் மீன் ஏற்ற வரும் வண்டிக்காரன் ஒருவன் எங்கள் ஊர்ப் பையன், அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் ஆலுவா வழியில் குவாரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சொன்னேன். சொல்லிவிட்டு வந்துதான் சாருக்கு இலை வாட்டினேன்.

அங்கே பதினொரு மணி வரை காத்திருக்கிறார்கள். சார் வரவில்லை. வேறு குவாரிக்குப் போயிருப்பார் என்று மேஸ்திரி முடிவு செய்து, துளைகளில் மருந்தை நிரப்பச் சொல்லியிருக்கிறான். நிரப்பினவனுக்கு லைசென்ஸ் கிடையாது. மேற்கு மூலையில் நாலு துளை முடிந்தபோது சாயாக்கடையிலிருந்து ஆள் ஓடி வந்தான். மருந்தை வெளியே எடுக்க நேரமில்லை. திரியை உள்ளே மடக்கி, மேலே களிமண்ணை அடைத்து, கல் தூளைத் தூவிவிட்டார்கள். களிமண் அடைத்தது என் தம்பி.

சாயங்காலம் அவன் வந்து என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "அந்தாளு அந்தக் குழி மேலயே நின்னுக்கிட்டு நோட்டுல எழுதறாருக்கா. எங்களுக்கு உசிரே இல்ல." எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. அந்தக் குழிகளை என்னடா செய்தீர்கள் என்று கேட்டேன். நான் கிளம்பும்போது அப்படியேதான் இருந்தது, மேஸ்திரி பார்த்துக்கொள்வான் என்றான்.

எட்டு மணிக்கு சார் வந்தார். நல்ல பசி. ரசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். இன்றைக்குப் பார்த்த குவாரி பரவாயில்லை, திருந்தி வருகிறார்கள் என்று திருப்தியாகச் சொன்னார். அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து, சார், அந்த மேற்கு மூலையில் மருந்து இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

காலையில் சார் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பியூன் ஓடி வந்தான். சிரிக்காமல் அவனை நான் பார்த்தது அன்றுதான்.

"சாறே, இன்னல நம்மள் போய பாறமடையில ஒரு ஆளு போயி."

நேற்று நாம் போன குவாரியில் ஒரு ஆள் போய்விட்டான். தோட்டத்துக்குள் ஒளிந்திருந்து, விசில் கேட்டு இறங்கி வந்தவர்களில் ஒருவர். அரை நாள் கூலி போய்விட்டதே என்று, மற்றவர்கள் பீடி பற்றவைப்பதற்குள் மிஷினை எடுத்துப் பாறையில் துளை போட ஆரம்பித்திருக்கிறார். அங்கே ஏற்கெனவே மருந்து அடைத்த துளைகள் இருப்பதை அவருக்கு யார் சொல்வது? மிஷின் பட்டதும் வெடித்துவிட்டது. மேஸ்திரி, சார் பஸ் ஏறிவிட்டாரா என்று பார்க்கப் போயிருந்தான். எந்த இடத்தில் என்று சார் கேட்டார். சார் நின்று எழுதினாரே, அங்கேதான் என்றான் பியூன். சார் குனிந்து தன் இரண்டு கால்களையும் பார்த்தார். இலையில் இட்லி அப்படியே இருந்தது.

முதலாளி சொன்னது, செத்தவன் எங்கள் ஆளே இல்லை, மருந்து திருட வந்தவன் என்று. ரிஜிஸ்டரில் அவர் பேர் கிடையாது. குவாரியில் எல்லோரும் அவரை ஒரு பட்டப்பெயரில்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பேரும் ஊரும் என் தம்பி ஒருவனுக்குத்தான் தெரியும், எங்களுக்கு அடுத்த ஊர்க்காரர். அன்று இரவே தம்பி எனக்குச் சொன்னான். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள் என்றும் சொன்னான். சொல்லிவிட்டு, களிமண் அடைத்த கையை வைத்துக்கொண்டு என் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதான். மறுநாள் ஊரைவிட்டே போய்விட்டான்.

சார் மூன்று வாரம் அலைந்தார். குவாரி ஆட்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உடலை யாரும் கேட்டு வரவில்லை, சர்க்காரே புதைத்தது. எங்கேயோ ஒரு பொம்பள வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பா அம்மா, பேரு கிடைச்சாப் போதும், எழுதிப் போட்டுடலாம், நஷ்டஈடும் கேக்கலாம் என்று ஒவ்வொரு இரவும் என்னிடம் சொல்வார். ஒவ்வொரு இரவும் நான் ரசம் ஊற்றினேன். பேர் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் எப்படித் தெரியும் என்பார். தம்பி என்பேன். களிமண் யார் அடைத்தது என்று வரும். தம்பி ஜெயிலுக்குப் போவான். என் கணக்கு அங்கே நின்றுவிடும், அந்தப் பொம்பளை வரைக்கும் போகாது.

தகவல் எப்படிக் கசிந்தது என்ற கேள்வியும் அவரை அரித்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

"போற நாளு எனக்கும் பியூனுக்கும் மட்டுந்தான் தெரியும். வேற யாருக்கும் தெரிய வழியில்ல. அவன் மேல எழுதிக் குடுத்துட்டேன்."

கரண்டியோடு நின்றிருந்தேன். சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதைவிடத் தெளிவான இடம் ஒருவருக்கு வாழ்க்கையில் கிடைக்காது. வாயைத் திறந்தேன்.

"இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா சார்?"

போதும் என்றார்.

இரண்டு நாள் கழித்துப் பியூன் என் வாசலில் வந்து நின்றான். வடக்கே எங்கோ மாற்றப் போகிறார்களாம். கிழவி அம்மாவை வைப்பினில் தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டும். "ஞான் ஆரோடும் பறஞ்ஞிட்டில்ல சேச்சி, சேச்சி சாறோடு ஒந்நு பறயணம்," என்று கையைக் கூப்பினான். யாரிடமும் சொல்லவில்லை, நீங்களாவது சாரிடம் சொல்லுங்கள் என்று என்னிடமே வந்து கேட்கிறான். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அவனே கடைசியில் சாரிடம் போய்ப் புலம்பியிருக்கிறான். சாறே, நாம் குவாரிக்குப் போகிற நாளெல்லாம் சார் கையில் பொதி இருக்கும், அதைப் பார்த்தே யாருக்கும் தெரியலாமே, என்னை மட்டும் ஏன் சந்தேகப்படுகிறீர்கள் என்று.

அன்று இரவு சார் சாப்பிட வரவில்லை. மறுநாள் வந்து, வாசலுக்கு வெளியே நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. வயிறு சரியில்லை, இனிமேல் சாப்பாடு வேண்டாம் என்றார். முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அந்த வாரமே பியூன் மேல் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொண்டு, தன் அஜாக்கிரதையால் தகவல் வெளியே போனது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார் என்று பின்னால் பியூன் சொன்னான். பியூன் வைப்பினிலேயே இருந்தான். சாருக்குத்தான் மாற்றல் வந்தது. எந்த ஊருக்கு என்று யாரிடமும் அவர் சொல்லவில்லை.

போகிற அன்று காலையில் பெட்டியைச் சந்து முனையில் வைத்துவிட்டு என் வாசலுக்கு வந்தார். ஒரு போஸ்ட் கார்டை நீட்டினார். விலாசப் பக்கத்தில் நாகர்கோயில் பக்கத்து அவர் வீட்டு விலாசம் அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. மறுபக்கம் வெறுமை.

"செத்துப் போனவரு ஒங்க ஊர்ப் பக்கம்னு கேள்வி. எப்பமாவது தெரிய வந்தா எழுதிப் போடுங்க. பேரு, தகப்பன் பேரு, ஊரு. மூணு வரி போதும்." பிறகு, "ஒங்க பேரு எழுதாண்டாம்," என்றார்.

கார்டை வாங்கிக்கொண்டேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. வேண்டாம் அம்மா என்று சொல்லிவிட்டு ஜெட்டிக்கு நடந்தார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியும். யார் என்றும் தெரியும், எப்படி என்றும் தெரியும். என்னை எதுவும் கேட்காமல், நான் செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதை நான் செய்யவில்லை. பயம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. முதல் மாதம் பயம். பிறகு, இவ்வளவு நாள் கழித்துப் போட்டால் இத்தனை நாள் ஏன் போடவில்லை என்று ஆகுமே என்ற வெட்கம். எண்பதுகளில் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது செத்தவருடைய ஊர் வழியாகத்தான் பஸ் போனது. நிறுத்தத்தில் இரண்டு நிமிஷம் நின்றது. பக்கத்தில் இருந்தவள் பேச்சுவாக்கில் ஒரு வீட்டைக் காட்டினாள். அந்த வீட்டுக்காரன் கேரளாவுக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான், இவள் இன்னும் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பெண்களைக் கேட்டு வருகிறவர்கள் அப்பனைச் சொல்லித் திரும்பிப் போகிறார்கள் என்றாள். நான் ஜன்னலை மூடிக்கொண்டேன். பஸ் கிளம்பிவிட்டது.

தம்பி இப்போது இல்லை. சாரும் இருக்க மாட்டார். கார்டில் விலாச மை மங்கிப்போய்விட்டது, அந்த விலாசத்தில் யார் இருப்பார்கள் என்று தெரியவில்லை. சாருடைய பேரை நான் இங்கே எழுதவில்லை, அவர் என் பேரை எங்கும் எழுதவில்லை என்பதால். என் பிள்ளைகள் மலையாளம்தான் படித்தார்கள், இதை அவர்களால் வாசிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன். ஆனால் அந்த இரண்டு பெண்களுக்கும் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்கும். அவர்களுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

பேர் மாதையன்.

தகப்பன் பேர் பெருமாள்.

ஊர், அரூருக்குக் கிழக்கே பஸ் நிற்கிற கொல்லைப்புதூர்.

அவர் எங்கும் ஓடிப்போகவில்லை.